ஆய்வகமும் மடமும் பிள்ளையார் நோன்பும்: முழுமைப் பார்வை எங்கே சேர்கிறது?

காரைக்குடியைச் சுற்றிச் சுமார் 15 கிலோமீட்டருக்குள் மின்வேதியியலுக்கென்றே மத்திய அரசு நடத்தும் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஊரில் சிக்ரி என்றால்தான் தெரியும். வேதாந்த நூல்களைத் தமிழிலேயே பாடம் சொல்லி வந்த கோவிலூர் மடம் இருக்கிறது. சைவ சித்தாந்த மரபில் வந்த குன்றக்குடி ஆதீனமும், பாண்டியர் காலத்தில் பாறையைக் குடைந்து எடுத்த பிள்ளையார்பட்டிக் கோயிலும் இருக்கின்றன. இதே தெருக்களில் சுயமரியாதைக் கூட்டங்களும் நடந்தன, கம்பன் விழாவும் நடந்தது, நடக்கிறது. அறிவியல், தத்துவம், ஆன்மிகம் மூன்றையும் சேர்த்து ஒரே உலகப் பார்வையாக ஆக்க முடியுமா என்று யாராவது கேட்டால், செட்டிநாட்டில் டவுன் பஸ் ஏறினாலே மூன்றும் வந்துவிடும். ஆனால் ஒரே பஸ்ஸில் போவதும் ஒரே பார்வையாக ஆவதும் ஒன்றா என்பதுதான் கேள்வி.

சிக்ரிக்கு நேரு அடிக்கல் நாட்டியது 1948 ஜூலை 25. கட்டி முடித்ததும் 1953 ஜனவரி 14 அன்று திறந்துவைத்தவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். துணைக் குடியரசுத் தலைவர் என்ற முறையில்தான் வந்தார் என்றாலும், இந்தியத் தத்துவத்தை ஆக்ஸ்ஃபோர்டில் கற்பித்த பேராசிரியர் ஒருவர், அரிமானமும் (உலோகம் துருப்பிடிப்பது) மின்கலமும் ஆராயும் கூடத்தைத் திறந்தார் என்பது நன்றாகத்தான் இருக்கிறது. அந்த நிலையத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் கோட்டையூரில் பிறந்த தொழிலதிபர் அழகப்பச் செட்டியார். அவர் கல்விப் பக்கம் திரும்பிய கதையில் இந்தக் கட்டுரைக்கு வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

1947-ல் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா நடந்தது. அந்த மேடையில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார், செல்வந்தர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று கேட்டார். கூட்டத்திலிருந்த அழகப்பர் நான் தொடங்குகிறேன் என்று எழுந்தார். காரைக்குடியில் கலைக் கல்லூரி வந்தது அப்படித்தான். யாருடைய நூற்றாண்டு என்பதைக் கவனியுங்கள். பெசன்ட் இளமையில் நாத்திகர், லண்டனில் அறிவியல் படித்தவர். பிறகு பிரம்மஞான சபைக்கு வந்து அதன் தலைவரானார். அறிவியலையும் மெய்ஞானத்தையும் இணைத்தே தீருவது என்று முனைந்தவர். அந்த முனைப்பில் சபைத் தோழர் லெட்பீட்டருடன் சேர்ந்து, ஞான திருஷ்டியால் அணுக்களுக்குள் பார்த்ததாகச் சொல்லிப் படங்களோடு ஒரு புத்தகம் எழுதினார். ஹைட்ரஜன் அணுவுக்குள் 18 நுண்ணணுக்கள் இருப்பதாக அதில் வரும். இயற்பியல் கண்டதோ ஒரு புரோட்டானையும் ஓர் எலக்ட்ரானையும். இன்றைக்கு அந்தப் படங்களை எந்த வேதியியல் வகுப்பிலும் காட்டமாட்டார்கள். பெசன்ட் நட்ட கல்வி நிறுவனங்கள் மட்டும் நின்றன. அவர் பெயரில் நடந்த ஒரு விழாவிலிருந்து காரைக்குடிக்கும் ஒரு கல்லூரி கிடைத்தது.

எந்த வகைச் சேர்க்கை நிலைக்கிறது, எது நிலைப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆன்மிக அனுபவத்தைக் கொண்டு அணுவின் எடையையும் அமைப்பையும் சொல்லப் போனால் அது ஆய்வகத்தில் தோற்கும். அதே ஆன்மிகம் ஒருவரைப் பள்ளி கட்ட வைத்தால் அதை எந்த ஆய்வகமும் தோற்கடிக்க முடியாது.

சரி, பெசன்ட் காலம் போகட்டும். இப்போது குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் காலை வணக்கத்தோடு வருவதைப் பார்ப்போம். சிதம்பரம் கோயில் பூமியின் காந்த மையக் கோட்டின் மேல் இருக்கிறது, நாசாவே ஒப்புக்கொண்டது என்று ஒரு செய்தி சுற்றாத மாதம் கிடையாது. காந்தப் புவிமத்திய ரேகை என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. இந்தியாவில் அது தென்கோடியில்தான் போகிறது, அதுவும் ஒரே இடத்தில் நிற்காமல் மெல்ல நகர்கிறது. திருவனந்தபுரம் பக்கம் தும்பாவில் 1963-ல் ராக்கெட் தளம் அமைந்ததற்குக் காரணமே அந்த ரேகை அருகில் இருந்ததுதான். அங்கே மரியாள் மகதலேனா தேவாலயத்தையும் சுற்றியிருந்த இடத்தையும் ஆயரும் மீனவ மக்களும் விட்டுக்கொடுத்தார்கள். ஆரம்ப கால வேலைகள் அந்தத் தேவாலயக் கட்டடத்திலேயே நடந்தன. அறிவியலும் ஆன்மிகமும் சேர்ந்த கதை வேண்டுமென்றால் தும்பாவிலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டுச் சிதம்பரத்துக்குக் காந்தம் பூசுவானேன்?

இந்த மாதிரிச் செய்திகளால் அறிவியலுக்குப் பெரிய நட்டமில்லை. நட்டம் பக்திக்குத்தான். காந்த ரேகை இருப்பதால்தான் நடராஜர் பெரியவர் என்று சொல்லிவிட்டால், ரேகை நகர்ந்த அன்றைக்கு என்ன செய்வது? எதிர்ப்பக்கத்திலும் இதே அவசரம் உண்டு. தியானத்தின்போது மூளையில் எந்தப் பகுதி எப்படி இயங்குகிறது என்று கருவி காட்டியதும், பார்த்தீர்களா, வெறும் ரசாயனம்தான் என்று முடித்துவிடுவார்கள். காரைக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் ஒருவரின் கால் வலிக்குப் பின்னாலும் ரசாயனம் உண்டு. அவர் ஏன் நடக்கிறார் என்ற கேள்வி அந்த விடைக்குள் அடங்கவில்லை.

நம் மரபில் இதற்கு ஒழுங்கான விசாரணை இருக்கிறது, அதை நாம் படிப்பதில்லை என்பது என் குறை. குன்றக்குடி போன்ற சைவ மடங்களில் பாடம் சொல்லும் சாத்திரங்களில் ஒன்று சிவஞான சித்தியார், 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் எழுதியது. கடவுளைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, ஒரு விஷயம் உண்மை என்று எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டு, அளவைகளை, அதாவது உண்மையை அறியும் வழிகளை, வரிசைப்படுத்துகிறது. பத்து அளவைகள் என்பாரும் உண்டு, எல்லாம் மூன்றுக்குள் அடங்கும் என்கிறது: காண்டல், கருதல், உரை. கண்ணால் காண்பது, கண்டதிலிருந்து அனுமானிப்பது, நம்பத்தக்கவர் சொல்வது. அதே நூலின் பரபக்கம் என்ற பகுதி மாற்றுத் தரப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர்கள் வாதத்தைச் சொல்லி மறுக்கிறது. முதலில் வருபவன் உலகாயதன், கண்ணால் காண்பதைத் தவிர வேறெதையும் ஏற்காதவன். அவன் தரப்பை விலாவாரியாகச் சொல்லிவிட்டுத்தான் மறுப்பு. இன்றைய டிவி விவாதங்களில் இந்தப் பொறுமையைப் பார்க்க முடியுமா?

மூன்றாவது அளவையான உரையில்தான் சிக்கல். சித்தாந்தி ஆகமத்தைச் சொல்வார், அறிவியலாளர் ஆகமத்தை ஏற்கமாட்டார். ஆனால் அறிவியலாளரும் பிறர் உரையின் மேல்தான் பாதி வேலையைச் செய்கிறார். சிக்ரியில் ஒரு மின்வாயை (எலக்ட்ரோடை) சோதிக்கிறவர், தாமிரத்தின் அணு எடையைத் தானே அளந்து பார்த்துவிட்டு வருவதில்லை, அச்சில் இருக்கும் எண்ணை நம்பி எடுத்துக்கொள்கிறார். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான்: சந்தேகம் வந்தால் அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் மறுபடி அளக்கலாம், தப்பென்றால் மாற்றலாம். இந்த வாசல் திறந்திருக்கிறதா என்பதை வைத்தே நான் மூன்று துறைகளின் எல்லையையும் பார்க்கிறேன். திரும்ப அளந்து பார்க்கக்கூடியது எதுவோ அது காண்டலுக்கும் கருதலுக்கும் போக வேண்டும், அங்கே மடமோ மரபோ கடைசி வார்த்தை சொல்லக் கூடாது. அளந்து முடிக்க முடியாத கேள்விகள், எப்படி வாழ்வது, யாரோடு பங்கிடுவது, சாவை எப்படி ஏற்பது என்பவை, அவற்றில் தத்துவத்துக்கும் அனுபவத்துக்கும் இடம் உண்டு.

பிள்ளையார் நோன்பை எடுத்துக்கொண்டு இதைச் சோதித்துப் பார்க்கலாம். நகரத்தார் வீடுகளில் தீபாவளியைவிட இதற்கு மவுசு அதிகம் என்றுகூடச் சொல்வேன். திருக்கார்த்திகைக்கு மறுநாளிலிருந்து எண்ணி 21-ஆம் நாள், சஷ்டி திதியும் சதய நட்சத்திரமும் கூடும் மாலையில் இழை எடுப்பார்கள். புது வேட்டியிலிருந்து உருவிய 21 நூலிழைகளைத் திரியாக்கி, வெல்லம் சேர்த்த மாவில் பிள்ளையார் பிடித்து, நெய்யில் நனைத்த திரியை அதில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வது வழக்கம். ஆவாரம்பூவும் பொரி வகைகளும் பணியாரமும் உண்டு. வீட்டில் மூத்தவர் எடுத்துக் கொடுக்க, வரிசையாக எல்லோரும் வாங்கிக்கொள்வார்கள். கடலில் தத்தளித்தவர்கள் நாளுக்கு ஓர் இழையாக எடுத்து வைத்து நாள் கணக்கு வைத்திருந்தார்கள் என்று ஒரு கதையும் சொல்வார்கள்.

ஏன் 21? ஏன் சஷ்டியும் சதயமும்? புண்ணியம் என்று சொல்லி நிறுத்திவிடலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அழகான விடை ஒன்று கிடைக்கிறது. திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான கோணம், 12 பாகைக்கு ஒரு திதி. நட்சத்திரம் என்பது விண்மீன்களின் பின்னணியில் சந்திரன் நிற்கும் இடம், 13 பாகை 20 கலைக்கு ஒன்று. பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு 29.53 நாள் ஆகிறது. அதை 30 திதியால் வகுத்தால் ஒரு திதி சராசரியாக 0.984 நாள். சந்திரன் புறப்பட்ட விண்மீனுக்கே திரும்ப 27.32 நாள். அதை 27-ஆல் வகுத்தால் ஒரு நட்சத்திரம் 1.012 நாள். இரண்டும் ஒரு நாளை ஒட்டியே இருக்கின்றன, ஒன்று கொஞ்சம் குறைய, ஒன்று கொஞ்சம் கூட.

திருக்கார்த்திகை அன்று பௌர்ணமி, நட்சத்திரம் கார்த்திகை, அதாவது அசுவினியிலிருந்து மூன்றாவது. அங்கிருந்து 21 திதி தள்ளினால் தேய்பிறை 15 போய் வளர்பிறை ஆறாவது, சஷ்டி. 21 நட்சத்திரம் தள்ளினால் 24-ஆவது, சதயம். ஆக, நோன்பு நாள் யாரோ மனம் போனபடி குறித்ததல்ல; பௌர்ணமியும் கார்த்திகையும் கூடிய நாளிலிருந்து 21 நாள் நடந்தால் சந்திரன் அங்கே வந்துதான் ஆக வேண்டும். நுணுக்கமாகப் பார்த்தால் 21 திதிக்கு 20.67 நாளும் 21 நட்சத்திரத்துக்கு 21.25 நாளும் ஆகின்றன, சுமார் 14 மணி நேர வித்தியாசம். திருக்கார்த்திகையிலேயே பௌர்ணமியும் நட்சத்திரமும் முழுதாகப் பொருந்தாத வருடங்களும் வரும். அதனால்தான் சில வருடங்களில் நாள் முன்பின் ஆகிறது, பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டு பெரியவர்கள் பேச வேண்டியிருக்கிறது. வெளிநாட்டில் இழை எடுக்கும் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல்: சந்திரன் சஷ்டிக்குள் நுழையும் கணம் உலகம் முழுவதுக்கும் ஒன்றுதான், ஆனால் அப்போது காரைக்குடியில் மாலை என்றால் அமெரிக்காவில் விடிகாலை.

இவ்வளவும் அறிவியல். யாரும் ஒளித்து வைத்த ரகசியம் அல்ல, பள்ளி மாணவர் போடக்கூடிய கணக்கு. ஆனால் இந்தக் கணக்கு நோன்பின் நேரத்தை விளக்குகிறதே தவிர நோன்பை விளக்கவில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் தொழில் செய்து சிதறிக் கிடந்த ஒரு சமூகம், எந்த ஊரில் இருந்தாலும் அந்த ஒரு மாலையில் ஒன்றாக உட்கார்வதற்கு ஓர் ஏற்பாடு வைத்துக்கொண்டது என்பது சமூகவியல். சுடரைக் கையில் வாங்கி வாயில் போடும்போது ஒரு பாட்டிக்கு உள்ளே என்ன நிகழ்கிறது என்பது மூன்றாவது விஷயம், அதை அந்தப் பாட்டிதான் சொல்ல வேண்டும். மூன்று விடைகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை உட்கார வைத்தால்தான் சண்டை. மாவில் இருக்கும் நெய்யும் சூடும் உடம்புக்கு நல்லது, அதனால்தான் முன்னோர்கள் வைத்தார்கள் என்று விளக்கம் சொல்கிறவர்களைப் பார்க்கிறேன். அந்த விளக்கத்தில் மருத்துவமும் பலவீனம், பக்தியும் பலவீனம்.

பஞ்சாங்கத்திலேயே இன்னொரு பாடமும் கிடக்கிறது. தை 1 அன்று உத்தராயணம் பிறக்கிறது என்று நாம் சொல்கிறோம். வானத்தில் சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-ல். இடையே மூன்று வாரத்துக்கும் மேல். பூமியின் அச்சு சுமார் 26,000 ஆண்டுக்கு ஒரு சுற்றாக மெதுவாகத் தலையாட்டுவதால், விண்மீன்களை வைத்துப் போடும் கணக்கும் பருவங்களை வைத்துப் போடும் கணக்கும் 72 ஆண்டுக்கு ஒரு நாள் என்ற அளவில் விலகுகின்றன. சுமார் 1700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் இருந்தன. மகர ராசியில் சூரியன் நுழையும் நாள் என்றால் தை 1 சரி. சூரியன் திரும்பும் நாள் என்றால் தவறு. பொங்கல் வைப்பதற்கு இதனால் ஒரு குறையும் இல்லை. ஆனால் உத்தராயணம் அன்றுதான் பிறக்கிறது என்று அறிவியல் பெயரைச் சொல்லி வாதாடினால் காண்டலே எதிர்சாட்சி.

இதைச் சொல்வது மரபுக்கு விரோதம் என்று நினைப்பவர்களுக்கு, வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என்று இரண்டு ஏன் இருக்கின்றன என்று யோசிக்கச் சொல்வேன். பழைய வாய்பாட்டை அப்படியே போடுவது ஒன்று. வானத்தில் கோள்கள் உண்மையில் நிற்கும் இடத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியது மற்றொன்று. திதி முடிவில் இரண்டுக்கும் சில மணி நேரம் வித்தியாசம் வரும், சனிப்பெயர்ச்சி என்றால் நாளே மாறும். திருத்தியவர்கள் நாத்திகர்கள் அல்ல. கிரகணத்தை முன்கூட்டிச் சொன்னது சரியாக வரவேண்டும் என்று கவலைப்பட்டவர்கள்.

வானத்தைப் பார்ப்பவர் என்றதும் இந்தப் பக்கத்தின் மிகப் பழைய குரல் நினைவுக்கு வருகிறது. திருப்பத்தூரை அடுத்த மகிபாலன்பட்டியைப் பூங்குன்றம் என்று அடையாளம் சொல்வார்கள், கணியன் பூங்குன்றனாரின் ஊர். யாதும் ஊரே யாவரும் கேளிர் என்ற முதல் வரியோடு நிறுத்திவிட்டு நாம் ஐ.நா. சபைக்குப் போய்விடுகிறோம். புறநானூற்று 192-ஆம் பாட்டின் நடுப்பகுதிதான் எனக்கு முக்கியம். மின்னலோடு மழை பெய்கிறது, கல்லில் மோதி இரையும் பேராறாக ஓடுகிறது, அந்த நீரின் வழியில் மிதவை போகிறது, அப்படி முறைவழியே, அதாவது இயற்கையின் நியதிப்படியே, உயிர் போகிறது, இதைத் திறவோர் (அறிவில் சிறந்தவர்கள்) காட்சியால் தெளிந்தோம் என்கிறார். கணியன் என்றால் நாள் கோள் கணிக்கிறவர்; அந்தத் தொழில்காரர் இங்கே எந்தக் கிரகத்தையும் பழிக்கவில்லை, எந்தப் பரிகாரமும் சொல்லவில்லை. இயற்கையில் ஓர் ஒழுங்கைப் பார்க்கிறார். அந்த ஒழுங்கிலிருந்து, பெரியோரை வியக்கவும் மாட்டோம், சிறியோரை இகழ்வது அதைவிடவும் மாட்டோம் என்ற இடத்துக்கு வந்துவிடுகிறார். பார்த்ததிலிருந்து யோசனை, யோசனையிலிருந்து நடத்தை. இரண்டாயிரம் ஆண்டை ஒட்டிய பழமை கொண்ட பாட்டில் இந்த மூன்றும் 13 வரிகளுக்குள் வந்துவிட்டன.

பாட்டில் எனக்கு ஒரு தயக்கமும் உண்டு. எல்லாம் முறைவழி என்றால் முயற்சி எதற்கு என்று சோம்பேறி கேட்கலாம். அப்படித்தான் பல நூற்றாண்டு விதியைப் பேசிப் பலர் பிழைத்தார்கள். ஆனால் பூங்குன்றனார் முறைவழியைச் சொன்னது தலைகுனியச் சொல்வதற்காக அல்ல, யார் முன்னும் தலைகுனியாமல் இருப்பதற்காக. கடைசி இரண்டு வரியை விட்டுவிட்டுப் படித்தால்தான் அது விதிவாதம்.

அழகப்பரிடம் திரும்பலாம். அவர் 1950-ஐ ஒட்டிச் சென்னையில் ராமானுஜன் பெயரில் ஒரு கணித நிறுவனமும் தொடங்கினார். முதல் இயக்குநர் தி. விஜயராகவன், ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலேயக் கணித மேதை ஹார்டியிடம் படித்தவர். ராமானுஜனோ நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருளால் சூத்திரங்கள் தோன்றுவதாக நம்பியவர். அவரை உலகுக்குக் காட்டிய ஹார்டி கடவுளை நம்பாதவர். இருவரும் சேர்ந்து வேலை செய்ய இது தடையாகவே இல்லை. சூத்திரம் கனவில் வந்ததா காகிதத்தில் வந்ததா என்று ஹார்டி பார்க்கவில்லை, நிரூபணம் நிற்கிறதா என்று பார்த்தார். பகா எண்களின் பரவல் பற்றி ராமானுஜன் முதலில் அனுப்பியவற்றில் சில தவறாக இருந்தன, அதையும் ஹார்டி மறைக்கவில்லை. தாயார் கொடுத்ததைத் தவறு என்பதா என்று ராமானுஜன் கோபித்துக்கொண்டு ஊர் திரும்பவும் இல்லை. குவாண்டம் இயற்பியலாளர் ஷ்ரோடிங்கரும் இப்படித்தான்: உபநிடதங்களில் தோய்ந்தவர், 1926-ல் அவர் எழுதிய அலைச் சமன்பாட்டைச் சரிபார்க்க யாருக்கும் உபநிடதம் தேவைப்படவில்லை. குவாண்டம் என்று சொல்லிக்கொண்டு ஆத்மாவை நிரூபிக்கக் கிளம்பும் பேச்சாளர்கள் இந்த இடத்தை வசதியாகத் தாண்டிவிடுகிறார்கள். கோவிலூர் மடத்து மரபில் வேதாந்தம் படித்த ஒருவருக்கு அறிபவன் யார் என்ற கேள்வியே போதும். எலக்ட்ரானைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது எல்லை பிரிக்கும் வேலை. வாசல் வாசலாகப் பிரித்து வைத்துவிட்டால் போதுமா என்றால் போதாது. ஊருக்கு வரும் பிரச்சினை துறை பார்த்து வருவதில்லை. அங்கேதான் குன்றக்குடி அடிகளாரைப் பேச வேண்டும்.

தவத்திரு குன்றக்குடி அடிகளார் (1925–1995) 1952-ல் ஆதீனத் தலைவர் ஆனார். நாத்திகப் பிரசாரம் வேகமாக இருந்த காலத்தில் அருள்நெறித் திருக்கூட்டம் என்ற அமைப்பை நடத்திப் பதில் சொன்னவர். பிறகு அதே பெரியாரோடு நண்பரானார். பெரியார் குன்றக்குடி வந்தபோது மடத்தில் கொடுத்த திருநீற்றை மறுக்காமல் ஏற்றுக்கொண்டதை இந்தப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். பெரியாரின் மரியாதை பற்றிய கதையாக அதைச் சொல்கிறோம், சரிதான். கடவுள் உண்டு, இல்லை என்பதில் தீராத இரண்டு பேர், தீண்டாமை ஒழிய வேண்டும், வறுமை ஒழிய வேண்டும் என்பதில் ஒரே மேடைக்கு வர முடிந்தது என்பது எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது.

1970-களில் அடிகளார் குன்றக்குடியில் கிராமத் திட்டம் தொடங்கினார். பக்கத்திலேயே இருந்த சிக்ரி விஞ்ஞானிகளை ஊருக்குள் அழைத்தார். நிலம் என்ன, நீர் என்ன, யாருக்கு வேலை இல்லை என்று கணக்கெடுத்து, சிறுதொழில், கூட்டுறவு என்று ஊரே கூடித் திட்டம் போட்டது. குன்றக்குடித் திட்டம் என்ற பெயரில் நாடு தழுவிய கவனமும் கிடைத்தது. காவி கட்டியவர் மின்வேதியியலாளரைக் கூப்பிட்டது ஏதோ அறிவியல் மோகத்தால் அல்ல. அவர் சித்தாந்தத்தில் பசிக்கும் உயிர் சிவன் இருக்கும் இடம். அந்தப் பசிக்கு என்ன செய்வது என்பதைச் சித்தாந்தம் சொல்லாது, அதற்கு மண்ணும் ரசாயனமும் சந்தையும் தெரிந்தவர் வேண்டும். அதே போல ஆய்வகத்திடம் எந்த ஊருக்கு முதலில் போவது என்று கேட்டால் அதன் கருவிகளில் விடை இருக்காது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நிரூபிக்க முயலவில்லை, ஒருவருக்கு இல்லாததை மற்றவரிடம் கேட்டு வாங்கினார்கள். எல்லாம் வெற்றி என்று சொல்லமாட்டேன். ஒரு மடாதிபதியின் ஆளுமையைச் சுற்றி எழுந்த எந்த ஏற்பாட்டுக்கும் அவருக்குப் பின் இருக்கும் கஷ்டம் இதற்கும் உண்டு.

செட்டிநாட்டின் தண்ணீர்ப் பிரச்சினைக்கு இந்த முறையைப் பொருத்திப் பார்க்கலாம். வறண்ட பூமி, பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. அதனால் ஊருக்கு ஊர் ஊரணி. மழைநீர் வரத்துக்கால் வழியாக வந்து களிமண் தரையில் நிற்கும். குடிநீர் ஊரணியில் குளிக்கக் கூடாது, செருப்போடு இறங்கக் கூடாது, மாடு விடக் கூடாது. கரையில் பிள்ளையாரோ அம்மனோ இருப்பதால் இந்த விதிகளுக்குக் காவல்காரர் தேவைப்படவில்லை. கலங்கல் நீரைக் குடத்தில் ஊற்றி, தேற்றாங்கொட்டையை உரசிவிட்டால் மண் அடியில் படிந்து தெளியும். அந்த விதையிலுள்ள பொருள்கள் மிதக்கும் களிமண் துகள்களை ஒன்றாகத் திரட்டிக் கீழே இறக்குகின்றன. நல்ல அறிவு, பல தலைமுறை கண்டு தேர்ந்தது.

ஆனால் தெளிந்த நீர் எல்லாம் நல்ல நீர் ஆகாது. கிருமிகளை அது நம்பத்தக்க அளவுக்கு நீக்காது, நீரில் கரைந்த உப்பை எடுக்கவே எடுக்காது. இதைச் சொல்ல ஆய்வகம் வேண்டும், கோயில் சொல்லாது. அடுத்து, அந்தப் புனித விதிகளோடு சேர்ந்தே யார் ஊரணியில் இறங்கலாம், யார் தள்ளி நிற்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. அதையும் சாமி பெயரில்தான் காத்தார்கள். ஊரணியின் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. அதை உடைத்தது நீர்ப் பரிசோதனை அல்ல, யாவரும் கேளிர் என்ற பக்கத்திலிருந்து வந்த அறக் கேள்வியும் சட்டமும் போராட்டமும்தான். பிறகு ஆழ்துளைக் கிணறும் குழாயும் வந்தன. குழாய்க்கு முன்னால் செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை, நல்லது. வரத்துக்காலை யார் அடைத்தாலும் கேட்பதற்கு ஆளில்லை என்ற நிலையும் கூடவே வந்தது.

இப்போது ஓர் ஊரணியைத் தூர்வார வேண்டுமென்றால், களிமண் படுகையை எத்தனை அடிக்கு மேல் தோண்டக் கூடாது என்று சொல்ல மண் தெரிந்தவர் வேண்டும், இல்லாவிட்டால் அடி உடைந்து நீர் நிற்காது. வரத்துக்காலில் வீடு கட்டியிருப்பவரிடம் பேசுவதற்கு, கோயில் பேரைச் சொன்னால் மரியாதை கிடைக்கிற ஆள் வேண்டும். நீர் வந்தபின் முதல் குடம் எந்தத் தெருவுக்கு என்பதைத் தூர்வாருவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளும் கூட்டம் வேண்டும், அந்தக் கூட்டத்தில் முன்பு தள்ளி நிறுத்தப்பட்ட தெருக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். கும்பாபிஷேக வசூல் நோட்டில் ஊரணிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினால் பணமும் பெரிய பிரச்சினையாக இருக்காது.